மாடியறையில் அடைபட்ட மூச்சு

வீடுகளைச் சூடாக்கும் பாய்லர், ரேடியேட்டர்களைப் பழுதுபார்க்கும் ஹேசல் சட்க்ளிஃப் தன் வேனை அந்த மேட்டுத் தெருவில் நிறுத்தியபோது மணி மூன்றுதான். ஆனால் கீத்லி என்ற அந்த ஆங்கிலேய ஊரில் ஜனவரி மாதத்து மூன்று மணிக்கே வெளிச்சம் விடைபெறத் தயாராகிவிடும். புகை படிந்த கல்வீடுகளின் வரிசையில் கடைசி வீட்டு வாசலில், கம்பளிக் கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டபடி வீட்டுக்காரர் கிளைவ் ஆர்மராட் நின்றிருந்தார்.

"கீழ இருக்கிற ரேடியேட்டர் எல்லாத்தையும் அலசி விட்டுடு கண்ணு. மாடி பின்ரூம்ல இருக்கறதை மட்டும் தொடாதே. ரெண்டு பக்கமும் அடைச்சுட்டுப் போயிடு."

"அங்க யாரும் குடியில்லையா?"

"ஒரு பொண்ணு இருக்கா. ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கத் தெரியாத தலைமுறை."

ஹேசல் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். கோபம் வந்தால் மனசுக்குள் ஒரு ஜெபத்தைச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அன்று ஜெபம் முடிந்தும் கோபம் தீரவில்லை.

மாடியறைக் கதவைத் திறந்த கெய்லி என்ற அந்தப் பெண் கோட்டுக்குள் கைக்குழந்தையைப் பொத்தி வைத்திருந்தாள். குழந்தையின் விரல்கள் ஊதா பூத்திருந்தன.

"ஐரிஸுக்கு ஏற்கெனவே நெஞ்சுல சளி. இனிமே குளிர்ல வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னிக்கு உறைபனி விழுமாம். நான் எங்க போவேன்?"

ஹேசல் ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்தாள். அடியில் லேசான வெதுவெதுப்பு. மேலே பனிக்கட்டி. உள்ளே காற்று அடைத்துக்கொண்டு வெந்நீரை மேலே ஏறவிடாமல் செய்திருந்தது. அந்தக் காற்றைத் திறந்துவிடத்தான் மேல் மூலையில் ஒரு குட்டி வால்வு இருக்கும். இங்கே அது கனமான வெள்ளைப் பெயின்டுக்குள் புதைந்து கிடந்தது.

"எனக்கு முன்னாடி வில்ஃப்னு ஒரு பெரியவர் இருந்தாராம்" என்றாள் கெய்லி. "போன குளிர்ல, இதோ இந்த நாற்காலியிலதான், அப்படியே விறைச்சு..." கோட்டை இழுத்துக் குழந்தையை மூடிக்கொண்டாள்.

ஹேசல் கீழே போய் அலசும் இயந்திரத்தை மாட்டினாள். ஓடும் தண்ணீரில் படிந்த சேறு கலங்கி வருவதற்காக, ரப்பர் சுத்தியலால் கூடத்து ரேடியேட்டரைத் தட்டினாள்.

தட்.

மாடியிலிருந்து பதில் வந்தது. தட். தட்.

அவள் நிறுத்தினாள். மேலே நிற்கவில்லை. உள்ளங்கையால் இரும்பில் அறைவது போல, வேகமாக, கோபமாக.

"கெய்லி, நீங்களா தட்டறது?"

கெய்லி குழந்தையோடு மாடிப்படியில் நின்றிருந்தாள். "நான் இங்க இருக்கேன்" என்றாள் மெல்ல. "தினமும் இப்படித்தான்."

"சூட்டுல குழாய் விரியுது" என்றார் உள்ளே வந்த ஆர்மராட்.

"பாய்லரை அணைச்சு வெச்சிருக்கேன் சார்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஹேசல் பம்பை நிறுத்திவிட்டுக் கத்தியும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். அடைச்சுட்டுப் போனால் இந்தக் குழந்தை என்ன ஆகும்?

பெயின்டைச் சுரண்டச் சுரண்ட அடுக்கடுக்காக உரிந்தது. உள்ளே வால்வின் தலை தெரிந்தது. திருகும் சாவி பிடிப்பதற்காகச் சதுரமாக இருக்க வேண்டிய தலை, உருண்டையாக இருந்தது. அதன்மேல் பளபளக்கும் கீறல்கள்.

"இது தானா தேய்ஞ்சது இல்ல" என்றாள், பின்னாலேயே வந்து நின்ற ஆர்மராட்டிடம். "யாரோ அரத்தால ராவியிருக்காங்க."

"நான்தான். கிழவன் எந்நேரமும் அதைத் திறந்து காத்தை விட்டுக்கிட்டே இருப்பான். அழுத்தம் இறங்கி பாய்லர் நின்னுடும். கீழ இருக்கிறவங்க போன் போட்டு என் உயிரை எடுப்பாங்க."

"உள்ள துருப்பிடிச்சா காத்து ஊறிக்கிட்டேதான் சார் இருக்கும். அவர் வேற என்ன செய்வார்? அப்பவே ஒருதரம் அலசி விட்டிருந்தா..."

"ஒரு போர்வை வாங்கியிருக்கலாம்ல?"

அறை சட்டென்று இன்னும் குளிர்ந்தது. கதவருகே கெய்லியின் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்த ஐரிஸ் அழுகையை நிறுத்தினாள்.

ஹேசல் எண்ணெய் விட்டு ஊறவிட்டாள். அடிக்கட்டை உடைந்துவிடாமல் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, உருண்டைத் தலையைக் குறட்டால் கவ்வி, வலிக்காமல் முள் எடுப்பது போலத் திருகினாள். ஒரு முனகல். ஒரு நெகிழ்வு.

ஸ்ஸ்ஸ்.

துருவாடை வரும் என்று நினைத்தாள். வந்தது தைல வாடை. இருமல் மிட்டாய் வாடை. பல நாள் துவைக்காத கம்பளியின் வாடை.

சத்தம் நின்றது.

கையில் இருந்த துணி வால்வை நோக்கி இழுபட்டு ஒட்டிக்கொண்டது. பிறகு விலகியது. மறுபடி ஒட்டியது.

பம்ப் ஓடவில்லை. உள்ளிழுக்க அங்கே எதுவுமே இல்லை.

ரேடியேட்டர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"என்ன வேடிக்கை இது?" என்று ஆர்மராட் அவளைத் தள்ளிவிட்டு இரும்பின்மேல் கை வைத்தார். வைத்த கை வரவில்லை. உள்ளங்கைத் தோல் உறைந்து ஒட்டிக்கொண்டது. அவர் இழுக்க இழுக்க, ரேடியேட்டரைச் சுவரில் தாங்கிய கொக்கிகள் நடுங்கின. மூலையில் இருந்த காலி நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்து அவர் முழங்காலுக்குப் பின்னால் வந்து இடித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

வால்வின் ஓட்டையிலிருந்து ஒரு குரல் காற்றோடு கசிந்தது.

"எத்தனை தடவை கூப்பிட்டேன், கிளைவ்."

ஹேசல் அசையவில்லை. அந்தக் கை அங்கேயே இருக்கட்டும் என்று ஒரு கணம் அவளுக்கும் தோன்றியது. தோன்றியதற்குக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

"ஹேசல்" என்றாள் கெய்லி. "இவ உதடு."

குழந்தையின் உதடு நீலமாகியிருந்தது.

ஹேசல் கழுத்துச் சால்வையைக் கழற்றினாள். ஆர்மராட்டின் தோளை ஒட்டிக் காலியாக இருந்த நாற்காலி முதுகில், குளிரில் இருப்பவருக்குப் போர்த்துவது போல அதைப் போர்த்தினாள்.

"வில்ஃப், உங்களுக்கு நடந்தது அநியாயம். எனக்கும் வயிறு எரியுது. ஆனா இது பச்சக்குழந்தை. உங்களுக்கு ஒண்ணும் செய்யல. இவளுக்கு வழி விடுங்க. உங்களுக்குச் சூடு தர வேண்டியவர் இவர்தான். இவரையே கேளுங்க."



பிறகு ஒரே ஒரு நெடிய பெருமூச்சு. அதன் முடிவில் வால்விலிருந்து கறுப்பாய் ஒரு சொட்டு. இன்னொன்று. ஆர்மராட்டின் கை இரும்பை விட்டு வந்தது. அவர் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

ஹேசல் அலசி முடித்து, புது வால்வு மாட்டி, பாய்லரை ஏற்றினாள். ரேடியேட்டர் மேல்வரை சுட்டது. ஐரிஸின் உதடு சிவந்து, அவள் பசிக்கு அழத் தொடங்கிய பிறகுதான் ஹேசல் கருவிகளை எடுத்துவைத்தாள். சால்வையை எடுத்துப்போக மனம் வரவில்லை.

வெளியே இருட்டிவிட்டது. ஆர்மராட்டின் கார் இன்னும் போகவில்லை. கைக்குட்டை சுற்றிய கையோடு அவர் வந்து வேன் கண்ணாடியைத் தட்டினார்.

"வண்டி ஓயாம பீப் அடிக்குது. பக்கத்து சீட்ல ஆள் இருக்காங்க, பெல்ட் போடச் சொல்லுன்னு காட்டுது. அங்க யாரும் இல்ல கண்ணு. யாருமே இல்ல."

ஹேசல் அவரோடு போய்ப் பார்த்தாள். பக்கத்து இருக்கையின் மெத்தை நடுவில் நன்றாக அமுங்கியிருந்தது.

"போட்டு விடுங்க" என்றாள். "வயசானவர் பாருங்க. ஹீட்டரையும் கூட்டி வைங்க."

ஆர்மராட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். பீப் நின்றது.

பெல்ட் இருக்கையின்மேல் படியவில்லை. ஒரு சாண் முன்னால், ஒருவர் நெஞ்சைச் சுற்றி நிற்பது போல, அந்தரத்தில் வளைந்து நின்றது.