பதில் சொல்லாதீர்கள்

எங்கள் குழந்தைகள் வார்டில் இம்யூனோகுளோபுலின் ஏற்றும் நாட்களில் கதவில் ஒரு பலகை மாட்டுவோம்: ‘பதில் சொல்லாதீர்கள்.’ புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு நாள் இருந்துவிட்டால் சிரிக்க மாட்டார்கள்.

பல்லாயிரம் பேர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் மருந்து அது. இப்போதைய செறிவூட்டலில் நோய் எதிர்ப்போடு கொடையாளர் ஒருவரின் நினைவெச்சமும் தங்கிவிடுகிறது. குழந்தை சில நாட்கள் அவர் குரலில் பேசும். யாரும் பதில் சொல்லாவிட்டால் அந்த எச்சம் கரைந்துவிடும். சொன்னால் போகவே போகாது. எந்தப் புட்டியில் யார் என்று கொடையாளரின் குடும்பத்துக்கு வேறு தெரிவிக்க வேண்டுமாம். அந்தச் சட்டத்தைப் போட்ட மகராசன் ஒருநாளாவது என் வார்டில் வந்து நிற்கட்டும்.

ஜெசிந்தாவுக்கு அப்படித்தான் தெரிந்தது. அவள் மகள் அனிலா நெஞ்சுச் சளியோடு எங்களிடம் படுத்திருந்தாள்.

“டாக்டர், செத்துப்போன எங்க வீட்டுக்காரர் அந்தப் புட்டியில இருக்காவ. எம்புள்ளைக்கே ஏத்திருங்க. அவிய பேசுறத ஒருக்கா கேட்டாப் போதும்.”

“அவளுக்கு இது தேவையே இல்லம்மா, சளி தானா சரியாயிரும். இருக்கறது இந்த ஒரு புட்டி. தாரிக்குக்குக் கவாசாகி நோய். இது ஏத்தலேன்னா அவன் இதயத்து ரத்தக்குழாய் வீங்கிடும்.”

பக்கத்துக் கட்டிலில் கிடந்த நான்கு வயதுத் தாரிக்கின் சிவந்த கண்களை அவள் பார்த்தாள். “அப்ப அவனுக்கே போடுங்க” என்றாள். புட்டியைத் தாரிக்கின் கட்டிலருகே மாட்டினேன்.

மாலையில் தாரிக்கின் காய்ச்சல் இறங்கியது. அவன் அம்மா நஸ்ரின் நெற்றியைத் தொட்டபோது கண்ணைத் திறந்து, கரகரத்த ஆண்குரலில் கேட்டான்: “ஜெசி, சாப்பிட்டியாட்டி?”

ஜெசிந்தா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

நஸ்ரின் கைகூப்பினாள். “அக்கா, எம்மவன எனக்கு விட்டுருங்கக்கா.”

ஜெசிந்தா தலையாட்டினாள். அவள் வாயைத் திறக்கவே இல்லை. கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தேன்.

“ஏட்டி கொழுக்கட்டை, எங்க இருக்க?” மறுபடி அதே ஆண்குரல்.

அனிலாவை அப்படிக் கூப்பிட்டவர் உலகத்தில் ஒருவர்தான். அவள் தூங்குகிறாள் என்றுதான் நாங்கள் இருந்தோம். பலகையைப் படிக்கும் வயதும் அவளுக்கு இல்லை. போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“இங்கதாம்ப்பா இருக்கேன்!”

தாரிக் சிரித்தபடி அவள் பக்கம் திரும்பிப் படுத்தான். நான் மருந்தைச் சரியான குழந்தைக்குத்தான் கொடுத்திருந்தேன். அவன் இதயம் இனி நன்றாகவே துடிக்கும்.

“தாரிக், தாரிக்” என்று நஸ்ரின் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பதில் வரவில்லை.