தோள் மாற்றும் வளைவு

டாக்டர் சுவாமிநாதனின் மருந்தறைக்கு அன்னக்கொடி வந்து சேர்ந்தபோது அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. வடகவுஞ்சியிலிருந்து பனிக்குள் நடந்தே வந்திருந்தாள். கால் குளிர்கிறதா, வயிறு பசிக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. வேறு யாருக்கோ நேர்ந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்.

“எம் புருசன் திருமலைச்சாமியப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கய்யா. டோலிய வேணுமின்னே கீழ போட்டு நகைப் பெட்டியத் திருடுனாருன்னு சொல்றாங்க. நாளைக்கு வெள்ளனே கீழ கோர்ட்டுக்கு இறக்கிருவாங்களாம்.”

மோட்டார் பாதை வராத காலம் அது. மலையேற முடியாதவர்களை, நீளக் கம்பில் கட்டிய டோலியில் உட்கார வைத்து, அடிவாரத் தோப்பிலிருந்து கோடைக்கானல் வரை ஆட்கள் தோளில் சுமந்து வருவார்கள். திருமலைச்சாமி அப்படிச் சுமப்பவன்.

சுவாமிநாதன் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காயத்தைப் பார்த்தே நடந்ததைச் சொல்லிவிடுவார் என்று மலையில் அவருக்குப் பெயர். பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த இப்ராம்சா ராவுத்தர் அவருடைய நண்பர். எங்கே சிக்கல் என்று கேள்விப்பட்டாலும் தராசை மனைவி நஜீமாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அன்றும் அவர் ஏற்கெனவே எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு வந்து நின்றார்.

“டாக்டரய்யா, ஜவுளிக்கடை ஜலீலோட சம்சாரம் மரியம் பீவிதான் டோலியில வந்தது. வளைவுல டோலி சரிஞ்சுருச்சு. அந்தம்மாவுக்குக் கால் சுளுக்கு. எல்லாரும் அவகளத் தூக்குற நேரத்துல பெட்டியக் காணோம். போலீஸ்காரக வந்து சரிவெல்லாம் தேட ஆரம்பிச்சப்ப, டோலி ஆளுகளோட மேஸ்திரி சேனாதிபதி பாறைப் பொந்தக் காட்டியிருக்காரு. பெட்டி அங்க இருந்துச்சு, நகை குறையாம. திருமலைச்சாமி வச்சதக் கண்ணால பார்த்தேங்கிறாரு.”

“பொந்து எவ்வளவு உயரம்?”

“நான் எக்கித்தான் தொட்டேன். என் உயரம் உங்களுக்குத் தெரியும். நஜீமாவக் கேட்டா இன்னும் குறைச்சுச் சொல்லுவா.”

டாக்டர் லேசாகச் சிரித்தார். “மரியம் பீவி என்ன சொன்னாங்க?”

“விழுகுறப்ப அந்த ஆளு தன் முழங்காலக் கீழ கொடுத்துத் தாங்குனானாம். இல்லாட்டி என் தலை பாறையில மோதியிருக்கும்னாக.”

டாக்டர் அன்னக்கொடியின் பக்கம் திரும்பினார். “அம்மா, உங்க வீட்டுக்காரர் முன்னே தானே செஞ்சு, இப்போ செய்யாம விட்டது ஏதாவது உண்டா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். மனசு கல்லாய்க் கிடந்தது. “தலைப்பாகைய நாந்தான் கட்டி விடுறேன். போன மழைக்காலத்துல இருந்து. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

“வலின்னு சொன்னாரா?”

“மொதல்ல கழுத்தோரமா வலிச்சுச்சு. அப்புறம் வலியும் இல்லன்னுட்டாரு.”

டாக்டர் குடையை எடுத்துக்கொண்டார். மற்ற இருவரும் கூடவே கிளம்பினார்கள்.

போலீஸ் நிலையத்தில் திருமலைச்சாமி கம்பிக்குப் பின்னால் குந்தியிருந்தான். மனைவியைப் பார்த்தான். சப் இன்ஸ்பெக்டர் அவனை வெளியே வரவழைத்தார்.

“கையைப் பிடிச்சுப் பார்த்தேன் டாக்டர். என் விரல் நொறுங்கிடும் போல இருந்துச்சு. புஜம் உலக்கை கணக்கா இருக்கு. இவனுக்குக் கம்பு கை நழுவிச்சுன்னா யார் நம்புவா?”

“நம்ப வேண்டாம். மேஸ்திரி பார்த்ததை இன்னொரு தடவை கேட்கலாமா?”

சாட்சி சொல்ல வந்து அங்கேயே இருந்த சேனாதிபதி நெடிய மனிதர். கம்பளிக் கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டே சொன்னார். “எத்தன தடவ கேட்டாலும் அதேதான். இடது கையால டோலிக் கம்பப் பிடிச்சுக்கிட்டு, வலது கைய ஒசத்திப் பொந்துக்குள்ள தள்ளுனான். வெத்தலப் பையாக்கும்னு நினைச்சேன்.”

“வலது கைதானா? நல்லா நினைவுபடுத்திச் சொல்லுங்க.”

“என் கண்ணு இன்னும் கெடலீங்க. வலது கைதான்.”

டாக்டர் திருமலைச்சாமியைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். “ரெண்டு உள்ளங்கையையும் சுவர்ல வச்சு, சுவரைத் தள்ளுங்க.”

அவன் தள்ளினான். இடது தோள்பட்டை முதுகோடு படிந்தே இருந்தது. வலது தோள்பட்டை எலும்பு மட்டும், கோழி சிறகை விரிப்பதுபோல், முதுகைவிட்டுப் புடைத்து எழும்பியது. அன்னக்கொடி அதைப் பார்த்தாள். ஒரே பாயில் படுத்தும் அந்த முதுகை அவள் இதுவரை பார்த்ததில்லை.

“இப்போ வலது கையைத் தூக்குங்க.”

கை தோள் மட்டத்துக்கு வந்து நின்றது. பல்லைக் கடித்துப் பார்த்தான். அதற்கு மேல் ஏறவில்லை.

“நடிக்கிறான்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கையைத் தூக்காம நடிக்கலாம். எலும்பை இப்படி எழுப்பி நடிக்க முடியாது. விலாவைத் தொட்டுப் பாருங்க. இடது பக்கம் தசை பிடிபடுது. வலது பக்கம் வத்திப் போயிருக்கு.” டாக்டர் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனார். “தசைங்கிறது கயிறு மாதிரி, இழை இழையாச் சேர்ந்த கட்டு. நரம்பு வழியா உத்தரவு வந்தா இழைகள் சுருங்கும். சுருங்கினாத்தான் எலும்பு அசையும். உங்க விரலை நெரிச்ச தசைகளுக்கு வேற நரம்பு. அது நல்லா இருக்கு. தோள்பட்டையை விலாவோட சேர்த்துப் பிடிக்கிற தசைக்குக் கழுத்துலேருந்து நீளமா ஒரே ஒரு நரம்புதான் இறங்குது. டோலிக் கம்பு வருஷக்கணக்கா அமுக்கி அதைக் கெடுத்திருக்கு. உத்தரவு வராத தசை கரைஞ்சு போகும். தோள்பட்டை நிலையா நிக்கலைன்னா கை மேலே ஏறாது.”

இப்ராம்சாவுக்குப் பொறுக்கவில்லை. “அப்ப டோலி ஏன் அந்த வளைவுல விழுந்துச்சு?”

“தோள் மாத்துற இடம் அது. கம்பைத் தலைக்கு மேலே தூக்கித்தான் அடுத்த தோளுக்கு மாத்தணும். இத்தனை நாள் எப்படி மாத்தினீங்க, திருமலைச்சாமி?”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “பின்னால வர்ற சின்னச்சாமி ஒரு கை கொடுப்பான்யா. வெளிய சொல்ல மாட்டான். அன்னிக்கு அவனுக்குக் காய்ச்சல். புது ஆளுக்குத் தெரியல. தோளு போச்சுன்னு தெரிஞ்சா டோலியில சேர்க்க மாட்டாகய்யா. அதான் வாயத் தெறக்கல.”

டாக்டர் மேஸ்திரியின் பக்கம் திரும்பினார்.

“தூக்கவே முடியாத கையைத் தூக்கினதா நீங்க பார்த்திருக்கீங்க. வேற யாராவது வச்சதைப் பார்த்திருந்தா அவர் பேரைச் சொல்லியிருப்பீங்க. பெட்டி பொந்துக்குள்ளே இருக்கிறது உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. எக்காமலே எட்டுற உயரமும் உங்களுக்கு இருக்கு.”

சேனாதிபதி சுவரில் சாய்ந்தார். “பெட்டி காலடியில கெடந்துச்சு,” என்றார் கடைசியில். “அப்புறமா எடுத்துக்கலாம்னு வச்சுட்டேன். தேட வந்ததும் பயந்துபோய் இவன் பேரச் சொல்லிட்டேன்.”

“இவர் எத்தனையோ காலமா உங்க கீழே சுமந்தவர், மேஸ்திரி. இவர் கை எங்கே நிக்குதுன்னு ஒரு நாள் கவனிச்சிருந்தீங்கன்னா, இந்தப் பொய்யை நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க. சின்னச்சாமி கவனிச்சிருக்கான்.”

தெய்வம் மனிதரிடம் பெரிய காரியங்களை அடிக்கடி கேட்பதில்லை. கூட நடப்பவனை ஒரு பார்வை பார்க்கத்தான் சொல்கிறது.

இன்ஸ்பெக்டர் காகிதங்களை எழுதி முடிக்கும்வரை அவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். நரம்பு மெதுவாகத்தான் தழைக்கும், முழுதாகத் தேறுமா என்று சொல்ல முடியாது, ஆனால் கம்பு இனித் தோளில் படவே கூடாது என்றார் டாக்டர்.

“நம்ம கடையில பூண்டு தரம் பிரிக்கிற சோலி இருக்கு,” என்றார் இப்ராம்சா. “கைய ஒசத்த வேண்டியதில்ல. நஜீமா வாயிக்கு மட்டும் பயந்துக்கணும்.” கடையிலிருந்து வரவழைத்த இரண்டு ரொட்டிகளை அவன் கையில் வைத்தார்.

திருமலைச்சாமி ஒன்றை மனைவியிடம் கொடுத்தான். மற்றதோடு உள்ளே போனான். அன்னக்கொடி வாசலில் நின்று பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் இப்போது சேனாதிபதி நின்றிருந்தார். கம்பிகளில் திருமலைச்சாமியின் கழுத்து உயரம்வரை இடுக்கு விட்டுப் பலகைகள் அடித்திருந்தது. அதற்கு மேலே, நின்றவரிடம், ரொட்டியை நீட்ட அவன் வலது கை ஏறவில்லை. இடது கைக்கு மாற்றிக் கொடுத்திருக்கலாம். சாப்பாட்டை இடது கையால் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

மேஸ்திரிக்கு முதலில் புரியவில்லை. பிறகு அந்தத் தோளைப் பார்த்தார். மெல்லக் கீழே உட்கார்ந்து, பலகை இடுக்கு வழியாக இரண்டு கையையும் நீட்டினார்.