சுவர் கண்ணாடியாக வேண்டும்

காந்தச் சுருள்களுக்கு மின்சாரத்தை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகியும், கதிர்வீச்சைப் பதிவு செய்யும் கருவியின் பேனா தாளில் சின்னச் சின்ன முகடுகளை வரைந்துகொண்டிருந்தது.

1986. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். மழைக்கு முந்திய பிற்பகல் புழுக்கத்தில், சூடான எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. டாக்டர் விநாயகமூர்த்தி கணக்கில் புலி. காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுழலும் எலக்ட்ரான்கள், கதிர்வீச்சாக எவ்வளவு சூட்டை இழக்கும் என்று மதிப்பிட்டிருந்தார். அதில், அந்த எலக்ட்ரான்களை அடைத்துவைக்கும், ஆள் நுழையுமளவு பெரிய எஃகுக் கலத்தின் உட்சுவர் கண்ணாடிபோல எல்லாக் கதிரையும் திருப்பி அனுப்பிவிடும் என்று வைத்துக்கொண்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அளந்து பார்த்தால் இழப்பு நான்கு மடங்கு. கணக்கைத் திருத்த மனம் வராமல், சுவரைத் தேய்த்துப் பளபளப்பாக்கச் சொல்லி டெக்னீஷியன் ஸ்டானிஸ்லாஸைக் கலத்துக்குள் அனுப்பியிருந்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர், மூன்று பெண்களுக்குத் தகப்பன்.

"ஸ்டானி, உள்ள ஓகேவா?"

"வெக்கையா இருக்கு லா, டாக்டர். ஆனா நல்லா ஷைன் வருது."

துணி எஃகில் உரசும் ஓசை வட்டவட்டமாகக் கேட்டது. பேனாவின் முகடுகள் உயர்ந்தன. முதல் அதிர்வெண்ணில், அதன் இருமடங்கில், மும்மடங்கில். பாவி மனுஷன், அப்போதே ஓடியிருக்கலாம். டாக்டர் பென்சிலை எடுத்தார். முகட்டின் உயரத்தை வைத்து உள்ளே இருக்கும் சூட்டைக் கணக்கிட்டார். நம்பாமல் இன்னொரு தடவையும் போட்டுப் பார்த்தார். நாற்பது லட்சம் டிகிரி.

மெயின் சுவிட்சை இழுத்தார். விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது.

பேனா நிற்கவில்லை.

"ஸ்டானி! வெளிய வாங்க! என் கணக்கு தப்பு, சுவர வுட்டுடுங்க!"

"சுவரு எப்பவோ முடிஞ்சிருச்சு, டாக்டர்."

உரசல் ஓயவில்லை.

டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு, யாரும் முடுக்காமலே இறுகிக் கிடந்த மூடியின் போல்ட்டுகளைத் திருகினார். விரல் கிழிந்தது. ஆறு. ஏழு. 'ஆண்டவனே, அவனை மட்டும் விட்டுவிடு' என்று மனம் கதறியது. எட்டு. மூடி விலகியது. உள்ளே சூடு இல்லை. ஜில்லென்ற காற்று.

ஸ்டானிஸ்லாஸ் முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தார். வலது கை துணியால் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சுற்றிச் சுற்றி. மெதுவாக.

கை இறங்கியது.

கண் இல்லை. மூக்கு இல்லை. உதடு இல்லை. வழுவழுவென்ற எஃகுப் பரப்பு. அதில் விநாயகமூர்த்தியின் டார்ச். வெளிறிப்போன அவருடைய முகம்.

துணி பிடித்த கை, டாக்டரின் கன்னத்தை நோக்கி நீண்டது.