இருபத்துமூன்றாவது பதிவு

காலையில் தலை வாரும்போது ஆதிலாவின் சீப்பில் வெள்ளைப் பசை காய்ந்து உதிர்ந்தது. மூளை அலைகளைப் பதிவுசெய்ய நோயாளியின் தலையில் கம்பிகளை ஒட்டும் பசை. வலிப்பின்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவளுடைய கலாநிதிப் பட்ட ஆய்வு. ஆனால் அவள் தலையில் யாரும் கம்பி ஒட்டியதில்லை.

கணவன் றிஸ்கானுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஆய்வுக்குப் பதிவுகளை எடுப்பவன் அவன்தான்.

"நோயாளிட தலையத் தொட்ட கையால உங்கட தலையச் சொறிஞ்சிருப்பீங்க, டொக்டர் மேடம்," என்று சிரித்தான். "களைப்பு புள்ள. படுங்க. நான் இப்ப வாறன்."

களைப்புத்தான். சில வாரங்களாக மத்தியானம் படுத்தால் அந்திக்குத்தான் எழும்புகிறாள்.

ஓர்ஸ் ஹில் வீட்டின் ஜன்னலுக்குக் கீழே உள்துறைமுகம் அசையாமல் கிடக்க, உப்பும் எண்ணெயும் கலந்த வாடை மேலேறி வர, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிறீச்சிட, அவள் கணினியைத் திறந்து, இலக்கங்களை மட்டுமே பெயராகக் கொண்ட பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஆய்வில் இருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். பட்டியல் இருபத்துமூன்றில் முடிந்தது.

திறந்தாள். ஒரு பக்கம் அலைகள். மறுபக்கம், கூடவே எடுத்த வீடியோ. அதில் அவளுடைய கட்டில். தலை நிறையக் கம்பிகளோடு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். றிஸ்கான் அவள் இமைகளுக்கு நேரே ஒரு விளக்கைப் பிடித்துப் பளிச்சிட விட்டான். வலிப்பைத் தூண்டும் விளக்கு. நோயாளி கையெழுத்து வைக்காமல் அதைத் தொடக்கூடாது என்று விதி எழுதியவளே அவள்தான்.

அலைகள் எகிறின. உடல் விறைத்தது. வலிப்பின் நடுவே நோயாளியிடம் பெயர் கேட்பது ஆய்வுகூட வழக்கம். இருபத்திரண்டு பேரில் ஒருவரும் பதில் சொன்னதில்லை.

"உங்கட பேர் என்ன?"

கண்கள் திறந்தன. "தெரிஞ்சுகொண்டே கேக்கிறீங்க," என்றது ஆதிலாவின் வாய். செல்லமாக.

"இண்டைக்கு எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

"நீங்க விட்டா முழுக்க இருப்பன். அவ?"

"அவவுக்கு ஒண்டும் தெரியா." றிஸ்கான் அந்த நெற்றியின் வியர்வையை மெதுவாகத் துடைத்தான். ஐந்து வருடத்தில் ஆதிலாவை அவன் அப்படித் தொட்டதில்லை. "அவ இனி வரத் தேவையில்ல."

பதிவின் அடியில் திகதிகள், ஒவ்வொரு நாளும் அது விழித்திருந்த நேரம். முதல் நாள் இரண்டு நிமிடம். போன கிழமை நாற்பது. நேற்று மூன்று மணித்தியாலம்.

வாசல் கேற் திறந்த சத்தம். படியில் செருப்பு.

ஓட வேண்டும். குசினிக்குள்ளால், அடுப்பைத் தாண்டி. பின்கதவு.

எழுந்தாள். கால்கள் நடந்தன. முன்கதவுக்கு.

நில், என்றாள். வாய் அசையவில்லை.

"ஆரு இருக்கிற?" வெளியே றிஸ்கான் மெதுவாகக் கேட்டான்.

அவள் கை நீண்டது. தாழ்ப்பாளை நீக்கியது.

"நான்தான்."

அவன் முகம் மலர்ந்தது. அது மலர்வதை ஆதிலா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.