கனகமணி மாடல்

காலைச் சங்கு ஊதியதும் குமிழூர்க்காரர்கள் வழக்கம்போல டிபன் டப்பாவைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை விளிம்பிலிருந்து குதித்தார்கள். வேலைக்குப் போக அதைவிட்டால் வேறு நல்ல வழி கிடையாது. கண்ணாடிக் குமிழ்களுக்குள் ஊர் மேலே இருந்தது. பனிச் சுரங்கம் அடிவாரத்தில் இருந்தது. நடுவில் செவ்வாய்க் கோளின் தென்முனைச் சரிவு, பார்த்தாலே கண் கூசும் வெள்ளையில் நீண்டு கிடந்தது.

அந்தப் பனி பூமியின் பனி அல்ல. கரியமில வாயு உறைந்து கட்டியானது. காலில் பூட்டிய பலகையின் அடிப்பக்கம் இலேசாகச் சுடும். சூடு பட்ட பனி தண்ணீராகாமல் நேரே ஆவியாகும். ஆள் அந்த ஆவியின் மேல் மிதந்து வழுக்கிப் போவார். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர்த் துளி உருண்டோடுமே, அதைத் தலைகீழாக்கினால் ஆவிச்சறுக்கு. இங்கே கல் ஓடும், துளி கிடக்கும்.

பலகையைத் திருப்புவது பூட்ஸ். பூட்ஸைத் திருப்புவது கால்விரல். ஒவ்வொரு விரலுக்கும் கீழே ஓர் உணரி உண்டு. பூட்ஸ் தொளதொளவென்று இருந்தால் விரல் சொல்வது ஒன்று, பலகை கேட்பது இன்னொன்று. இறுக்கமாக இருந்தால் இரத்தம் ஓடாது. அந்தக் குளிரில் விரல் விறைத்து உதிர்ந்துவிடும். ஆகவே குமிழூரில் ஒருவரைப் பார்த்ததும் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். முகமெல்லாம் அப்புறம்.

கனகமணியின் முகத்துக்கு ஒரு குறையும் இல்லை. கால்தான் வம்பு. முன்பக்கம் முறம்போல விரிந்திருந்தது. குதிகால் குறுகியிருந்தது. கட்டைவிரலோ, மற்ற நால்வரோடும் சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் போனதுபோல விலகி நின்றது.

ஊர்க் காலணிக் கூடத்தில் பாதமானி என்றொரு இயந்திரம் இருந்தது. பாதத்தை அளந்து பூட்ஸ் வார்த்துத் தருவது அதன் வேலை. அதற்கு ஏழு வகைப் பாதங்கள் தெரியும். பூமியில் யாரோ, எங்கேயோ அளந்து கொடுத்தனுப்பிய ஏழு. எட்டாவது ஒன்று உண்டென்று யாரும் அதற்குச் சொல்லவில்லை, அதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. கனகமணி மேடையில் ஏறி நின்றாள். இயந்திரம் இனிய குரலில் சொன்னது: “பாதம் காணப்படவில்லை. மேடையில் உள்ள பொருளை அகற்றிவிட்டுப் பாதத்தை வைக்கவும்.”

கூடத்துக் கங்காணி தளவாய் தலையைச் சொறிந்தார். “நான் என்ன செய்யட்டும் தாயி? மெஷினு கால் இல்லேங்குது.”

“கால் மேலதான நிக்கேன் அண்ணாச்சி?”

“நிக்கது எனக்குத் தெரியுது. அது ஒத்துக்கிடணும்லா?”

ஒத்துக்கொள்ளவில்லை. எனவே கனகமணி தினமும் சரக்குத் தொட்டியில், மாவு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வேலைக்கு இறங்கினாள். இதில் வேடிக்கை என்னவென்றால், சிறு வயதில் குமிழுக்குள் இருந்த பயிற்சிச் சரிவில் வெறுங்காலோடு சறுக்கிய காலத்தில் அவளை முந்த ஆளில்லை. ஊர் அதை வசதியாக மறந்திருந்தது.

இப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சுயம்புலிங்கம், சொந்த அத்தை மகன். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. ஏன் என்று ஊருக்கு இன்றுவரை விளங்கவில்லை. பயிற்சிச் சரிவில் அவன் விழுந்தபோதெல்லாம் இவள்தான் தூக்கி விட்டாளாம். தூக்கித் தூக்கிப் பழகிவிட்டது போலும்.

குமிழூர்க் கல்யாணத்தில் தாலியை மேலே கட்டுவார்கள். ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்துச் சறுக்கிக் கீழே போய்ச் சேர்ந்தால்தான் கல்யாணம் முடிந்ததாகக் கணக்கு. இதற்கு இறங்கல் என்று பெயர். பூட்ஸ் இல்லாத பெண்ணுக்கு இறங்கல் இல்லை. இறங்கல் இல்லாவிட்டால் கல்யாணமும் இல்லை.

வருங்கால மாமியாரான வள்ளிமயில் ஒரு நாள் அண்ணன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணே, நான் சுத்தி வளைச்சுப் பேசமாட்டேன்” என்று ஆரம்பித்து, நெடுநேரம் சுற்றி வளைத்துப் பேசினாள். கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். “எம் மவன் கையப் புடிச்சி எறங்க வேண்டியவ சாக்கோட சாக்கா எறங்கினா ஊரு என்ன பேசும்?”

“ஊரு இப்ப மட்டும் வாய மூடிக்கிட்டா இருக்கு?” என்றார் கனகமணியின் அப்பா முத்துமாலை.

“டாக்டர் ஞானையாகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும். கட்டவெரல் எலும்ப லேசாச் சீவி, அகலத்தக் கொறச்சி, மூணாம் நம்பர் காலா ஆக்கிருவாரு. பெரிய எடத்துப் பிள்ளையள்லாம் செஞ்சிருக்கு.”

“செருப்புக்காவ காலத் தறிக்கச் சொல்லுதியளா அத்தை?” என்று கேட்டாள் கனகமணி.

“ஏட்டி, தறிக்கதுன்னு ஏன் சொல்லுத? பாதச் சீரமைப்புன்னு சொல்லு.”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். கனகமணியின் கால் எங்கிருந்தோ பறந்து வந்ததல்ல. முத்துமாலையின் குடும்பக் கால். வள்ளிமயிலுக்கும் அதே முறம்தான், அதே தனிக்குடித்தன விரல்தான். பதினாறு வயதில் ஓசைப்படாமல் சீவிக்கொண்டவள். அன்றிலிருந்து சாயங்காலமானால் கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீரில் காலை ஊறவைத்துப் பல்லைக் கடிப்பாள். பக்கத்துக் குமிழில் எல்லோருக்கும் தெரியும். சீவிக்கொண்டவர்கள் வீட்டிலெல்லாம் சாயங்காலம் வெந்நீர் கொதிக்கும். கனகமணி அதைப் பார்த்து வளர்ந்தவள். அதனால்தான் முடியாது என்றாள்.

“அப்பம் சரி, பொங்கல் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள காலு பூட்ஸுக்குள்ள போகலேன்னா, நான் வேற எடம் பாத்துக்கிடுதேன்” என்று வள்ளிமயில் எழுந்தாள்.

சுயம்புலிங்கமும் அங்கேதான் இருந்தான். அவன் குடித்து வைத்த காபித் தம்ளர் அதற்குச் சாட்சி.

கனகமணிக்கு அடிவாரப் பொதிக் கூடத்தில் வேலை. பாறை துளைக்கும் முனைகளை வேறு சுரங்கங்களுக்கு அனுப்ப உறை செய்வார்கள். அதற்கென்று உறை அச்சு என்ற இயந்திரம் உண்டு. எந்தப் பொருளை வைத்தாலும் மயிரிழை பிசகாமல் அளந்து, குளிரும் அதிர்ச்சியும் புகாத உறையை வார்த்துத் தரும். வைத்த பொருள் அழகா, அவலட்சணமா, ஏழு வகையில் சேர்ந்ததா என்ற ஆராய்ச்சியெல்லாம் அதற்குக் கிடையாது. மனிதர்களோடு அதிகம் பழகாத இயந்திரம்.

அத்தை வந்துபோன மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஆளில்லாத நேரம் பார்த்து, கனகமணி கோபத்தோடு தன் காலைத் தூக்கி அதன் மேடையில் வைத்தாள்.

“பொருளின் வகை?” என்றது இயந்திரம்.

“கருவி.”

“எண்ணிக்கை?”

“ரெண்டு. இடது ஒண்ணு, வலது ஒண்ணு.”

“நொறுங்கக்கூடியதா?”

கனகமணி அத்தையை நினைத்துக்கொண்டாள். “நொறுக்கத்தான் பாக்காவ.”

“ஆம் எனப் பதியப்பட்டது.”

சற்று நேரத்தில் மஞ்சள் நிற உறைகள் இரண்டு வெளியே வந்தன. முறத்துக்கு முறம், குதிகாலுக்குக் குதிகால், தனிக்குடித்தன விரலுக்குத் தனி அறை. அடியில் சிவப்பு எழுத்தில் “கவிழ்க்கக் கூடாது” என்றும் அச்சாகியிருந்தது. தளவாய் இரக்கப்பட்டுப் பழைய பூட்ஸிலிருந்து உணரிகளைப் பிடுங்கிக் கொடுத்தார். அவள் அவற்றை உள்ளே ஒட்டிக்கொண்டாள். கால் உள்ளே போனதும், வாழ்க்கையில் முதன்முறையாக யாரோ தன்னைப் புரிந்துகொண்டதுபோல அவளுக்கு இருந்தது. புரிந்துகொண்டது ஒரு பெட்டி.

பொங்கலன்று சறுக்குப் பந்தயம். கனகமணி மஞ்சள் பூட்ஸோடு விளிம்பில் வந்து நின்றதும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

“ஏ, பார்சல் வருதுல! வெலகு, வெலகு!”

“ஏளா, விலாசம் எழுதிட்டியா? மாறிப் போயிரப் போகுது!”

வள்ளிமயில் குமிழ்க் கண்ணாடிக்குப் பின்னால் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். சங்கு ஊதியது. கனகமணி குதித்தாள். அவள் விரல் நினைத்ததும் பலகை கேட்டது. மற்றவர்கள் சீவிய விரல்களாலும், ஏழு வகையில் ஒன்றுக்குள் திணித்த விரல்களாலும் தப்பும் தவறுமாகச் சொல்லி, பலகைகள் அதைத் தாறுமாறாகக் கேட்டு, வளைவுக்கு வளைவு தடுமாறினார்கள். இரண்டாவது ஆள் வந்து சேர்வதற்குள் கனகமணி அடிவாரக் கூடத்துக்குள் போய்த் தலைக்கவசத்தைக் கழற்றி, அங்கே கடையில் டீ வாங்கி, அதில் பாதியைக் குடித்தும் விட்டாள்.

அன்றைக்கே ஊர் அவளைச் சூழ்ந்துகொண்டது. எப்படி, எப்படி என்று துளைத்தது. அவள் ஒளிக்கவில்லை. “ஒண்ணுமில்ல. எங்காலுக்கு அளவெடுத்துச் செஞ்சேன். நீங்க ஒங்க காலுக்கு அளவெடுத்துச் செய்யுங்க. உறை அச்சு சும்மாதான் கெடக்கு” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தைத் தமிழில் சொல்ல முடியாது. ஊர் காது கொடுத்துக் கேட்டது. கேட்டுவிட்டு, அவள் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு, பூட்ஸை மட்டும் பார்த்தது.

மாதம் முடிவதற்குள் காலணிக் கூடத்தில் “கனகமணி மாடல்” விற்பனைக்கு வந்தது. ஒரே அளவு. எல்லோருக்கும் கனகமணியின் அளவு. மஞ்சள் நிறம். எடுப்பாக இருக்கட்டும் என்று கட்டைவிரல் அறையை மட்டும் இரண்டு விரற்கடை நீட்டியிருந்தார்கள். அடியில் அந்தச் சிவப்பு எழுத்தும் இருந்தது. அதில்தான் வேகம் இருக்கிறது என்று நம்பியவர்கள் உண்டு. மறுநாள் காலை சரிவு முழுக்க ஆட்கள் குப்புற விழுந்து கிடந்தார்கள். பலகை கழன்று தூக்கிய கால்களின் அடியில் “கவிழ்க்கக் கூடாது” என்பது தூரத்திலிருந்தே படிக்கத் தெளிவாக இருந்தது.

இதற்குப் பிறகாவது பூட்ஸைக் குறை சொல்வார்கள் என்று எதிர்பார்த்தால், நீங்கள் மனிதர்களோடு பழகியதில்லை என்று அர்த்தம். அவரவர் தங்கள் காலைக் குனிந்து பார்த்து வெட்கப்பட்டார்கள். டாக்டர் ஞானையா கெட்டிக்காரர். “அகலம் குறைக்கப்படும்” என்ற பலகையில் ஒரு சொல்லை அழித்து, “அகலம் கூட்டப்படும்” என்று எழுதி மாட்டினார். வாசலில் வரிசை குமிழைச் சுற்றி வளைந்தது. வரிசையில் முதலில் நின்றவள் வள்ளிமயில். பதினாறு வயதில் சீவி எறிந்த எலும்பை ஐம்பது வயதில் புதிதாக வாங்கிப் பொருத்திக்கொண்டாள். மாடலுக்குச் சேரும்படி, பிறந்தபோது இருந்ததைவிட நீளமாக.

கட்டுப் போட்ட காலோடு, சக்கர நாற்காலியில் அவள் மறுபடியும் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். பின்னாலேயே இன்னொரு நாற்காலியில் சுயம்புலிங்கம். அவனுக்கும் இரண்டு பாதங்களிலும் பானை பானையாகக் கட்டு.

“எம் மருமவ காலுதான் இன்னைக்கு ஊரு பூரா பேச்சு” என்று வள்ளிமயில் பெருமையாகச் சொல்லிவிட்டு, மடியிலிருந்து ஒரு புதுக் கனகமணி மாடல் பூட்ஸை எடுத்து நீட்டினாள். “எறங்கலுக்கு ஒனக்கும் அவனுக்கும் ஜோடியா வாங்கியிருக்கேன். போடு பாப்பம்.”

கனகமணி போட்டாள். கட்டைவிரலுக்கு முன்னால் இரண்டு விரற்கடை இடம் காலியாகக் கிடந்தது.

வள்ளிமயில் குனிந்து விரலை விட்டுப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது. “என்னட்டி இது, சின்னதா இருக்கு? கனகமணி மாடல் கனகமணிக்கே சேரலேன்னா ஊரு சிரிக்காதா?”

“எனக்குத்தான் என் பூட்ஸ் இருக்கே அத்தை.”

“அது பொட்டி. கல்யாணத்துக்குப் பொட்டியப் போட்டுக்கிட்டா வருவ? பயப்படாத. டாக்டர்ட்ட பேசிட்டேன். ஒனக்கு வேல கம்மியாம். ஏற்கெனவே பாதி காலு சரியாத்தான் இருக்காம்.”

முத்துமாலைக்குச் சிரிப்பு வந்து காபி புரையேறியது. கனகமணி சிரிக்கவில்லை. அவள் சுயம்புலிங்கத்தைப் பார்த்தாள்.

“அத்தான், நீங்க என்ன சொல்லுதிய?”

இந்தக் கதையில் அவன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். “எல்லாருந்தான செஞ்சிருக்காவ, கனகு. நீ மட்டும் ஏன் வித்தியாசமா நிக்கணும்? ஒரு மாசம் கட்டுப் போட்டா, அப்புறம் ரெண்டு பேரும் சேந்து எறங்கலாம்லா?”

கனகமணி அந்தப் புதுப் பூட்ஸைக் கழற்றி அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு உள்ளே போய் நிச்சயதார்த்தப் பட்டுச் சேலையை எடுத்துவந்து அத்தையின் மடியில் வைத்தாள். வைத்த கையோடு மஞ்சள் உறைகளை மாட்டிக்கொண்டாள்.

“எனக்கு வேலைக்கு நேரமாச்சு. நான் இப்பமே எறங்குதேன்” என்றாள்.

“அண்ணே, பாத்துக்கிட்டே இருக்கியளே!” என்று வள்ளிமயில் கத்தினாள்.

“பாக்க நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. நீ காபியக் குடி, ஆறுது” என்றார் முத்துமாலை.

அந்த மாதம் குமிழூரில் பாதிப் பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்கள். பொழுது போகவேண்டுமே என்று டாக்டர் ஞானையா கூடத்துப் பெரிய திரையில் பழைய பூமிப் படங்களைப் போட்டார். ஒரு நாள் ஒரு கல்யாண வரவேற்பு ஓடியது. தமிழ்நாட்டில் ஏதோ ஓர் ஊர், சித்திரை வெயில், மின்விசிறி நின்றுபோன மண்டபம். மாப்பிள்ளை கம்பளிக் கோட்டும், கழுத்தை நெரிக்கும் டையும், பளபளவென்று கூர்மூக்குப் பூட்ஸும் போட்டு நின்றுகொண்டிருந்தார். வேர்வை ஆறாக ஓடியது. ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றார், போட்டோவுக்குச் சிரித்தார், மறுபடி காலை மாற்றினார். பக்கத்தில் பெண்ணின் முகம் வெள்ளை வெளேரென்றும், கை வேறு நிறத்திலும் இருந்தது.

கூடமே சிரித்தது. கட்டுப் போட்ட கால்களைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

“வேர்த்து ஊத்துது, கழட்ட மாட்டேங்கான் பாரு!”

“காலு கடிக்குது போல அவனுக்கு. யாரு அதப் போடச் சொன்னா?”

“பின்னால நிக்கவன்லாம் போட்டிருக்காம்லா, அதான்!”

“மூளையே கெடையாதா மனுசங்களுக்கு?”

கட்டு மாற்ற வந்து அங்கேயே படுத்துவிட்ட வள்ளிமயில் சிரித்த சிரிப்பில் தையல் சுருக்கென்று இழுத்தது. ஐயோ என்று முகத்தைத் திருப்பினாள். சன்னலுக்கு வெளியே, ஆளே இல்லாத வெள்ளைச் சரிவில், ஒரு மஞ்சள் புள்ளி அலுங்காமல் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. டிபன் டப்பா தோளில் ஆடியது.

வள்ளிமயில் உச்சுக்கொட்டினாள்.

“பாவம், வயசும் போகுது. பெறந்த காலோடயே இன்னும் அலையுது பாரு.”