விரல் விரலாகத் தெரியும் போன்

“சாமி படத்துக்குப் பின்னால இருந்த மஞ்சத்துணி எங்க?”

வீரம்மாவின் குரல் அடுப்படிவரை வந்தது. வடிவம்மா தேயிலைச் சாயத்தை வடிகட்டிக்கொண்டிருந்தாள். மூன்று கோப்பைகளையும் நிரப்பி முடித்த பிறகுதான் பதில் சொன்னாள்.

“நாந்தான் எடுத்தேன், மாமி.”

“எடுத்து?”

“ஒரு போன் வாங்கப் போறேன்.”

வாசலில் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்த ஜெயராஜின் கை நின்றது. மனைவிக்கும் தாய்க்கும் நடுவில் பேச்சு வரும்போதெல்லாம் அவனுக்கு முகத்தில் ஏதாவது வேலை வந்துவிடும். நகரசபையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன், வீட்டில் ஒரு நாளும் ஒரு பக்கமும் பேசியதில்லை.

“அடிப்பாவி! பழனி முருகனுக்கு முடிஞ்சு வெச்ச காசுடி அது! மூணு வருசமா மொளகு பொடச்சு, கறுவாப்பட்ட கட்டிச் சேத்துட்டு... சாமி காசுல போன் வாங்குவியா? வெளங்குமா இந்த வீடு?”

“வெளங்குதா இல்லையான்னு வெள்ளிக்கெழமைக்கு முன்னால பாத்துருவோம் மாமி. சாயம் ஆறுது, குடிங்க.”

ஆடி மாதம் கோயில் பெண்களோடு பழனிக்குப் போக வேண்டும் என்பது வடிவம்மாவின் நேர்த்திக்கடன். கல்யாணமாகி இந்த வத்தேகம வீட்டுக்கு வந்த இருபத்து நாலு வருடத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்ட ஒரே பயணம். அந்த முடிச்சைத்தான் நேற்று அவிழ்த்திருந்தாள்.

ஜெயராஜ் சோப்பு நுரையோடு திரும்பினான். “ஒங்கிட்டதான் ஒரு போன் இருக்கே வடிவு...”

“அதுல கெமரா மங்கிப்போயி, தனுஜாவோட பேச முடியல. நான் கைய அசைச்சா அவளுக்குக் கஞ்சி ஊத்துன மாதிரி தெரியுதாம். மூணு மாசமா ரெண்டு பேரும் சிரிச்சுட்டு வெச்சிடுறோம். வெள்ளிக்கெழம செல்லப்பா வெத்தல பாக்கு மாத்த வாறாரு. அதுக்கு முன்னால அவள ஒரு வார்த்த கேக்கணும்.”

“கேட்டா மட்டும் அவளுக்குக் காது கேட்டுருமா?” என்றாள் வீரம்மா.

பெற்றவள் சொன்ன வார்த்தைதான் அது. இந்த மாதிரி வார்த்தைகள் அந்த வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிடும்.

தனுஜா ஜெயராஜின் தங்கை. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் கடைசி வாங்குப் பலகையில் உட்கார வைத்திருந்தார்கள். தன் பெயரை எழுதத் தெரிந்ததும் போதும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வடிவம்மா மருமகளாக வந்தபோது அவளுக்கு ஏழு வயது. அடுப்படியில் இருவருமாகச் சேர்ந்து கைகளால் ஒரு பாஷையைச் செய்துகொண்டார்கள். மூக்குத்தியைத் தொட்டால் அண்ணி. காதை இழுத்தால் அம்மா. கழுத்தில் மூன்று தரம் விரலை முறுக்கினால் கல்யாணம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத அந்தப் பாஷை முழுதாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் தனுஜா பையைக் கட்டினாள். கட்டுநாயக்கவில் ஒரு தையல் பெக்டரியில் வேலை பிடித்துக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டவள் வடிவம்மா. ஏன் போனாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். சொல்லாதே என்று தனுஜா அண்ணியின் வாயைப் பொத்தியிருந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் வடிவம்மாவுக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது.

“எம்மவள வீட்டவிட்டு வெரட்டினவதானே நீ? இப்ப நல்ல எடமா ஒண்ணு வந்திருக்கு. செல்லப்பாவுக்கு மடுல்கெல்லயில சொந்தக் கட, சொந்த வீடு. ரெண்டாந்தாரம்னா என்ன? இவளுக்கு ராசா வருவானா? அதையும் கலைக்கப் பாக்குற!”

வடிவம்மாவின் கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். “சாமி காச எடுத்த பாவம் எனக்கு இருக்கட்டும் மாமி. முருகன் பழனியிலதான் இருப்பாரு, எங்கயும் போக மாட்டாரு. வெள்ளிக்கெழம போயிரும்.”

பையை எடுத்துக்கொண்டு கண்டி பஸ்ஸுக்கு நடந்தாள்.

கண்டி நகரத்தில், பஸ் நிலையத்துக்கு மேலே ஏறும் படிக்கட்டுக்குக் கீழே ஸஹ்ராவின் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஸஹ்ரா கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஒரு போனைப் பிரித்து வைத்திருந்தாள்.

“வாங்க அக்கா. என்ன மாதிரி போன் பாக்குறீங்க?”

வடிவம்மா தன்னிடமிருந்த தொகையைச் சொன்னாள். ஸஹ்ரா கண்ணாடி மேசையில் இரண்டு போன்களை வைத்தாள். அவள் பேச்சில் ‘இருக்கு’ எல்லாம் ‘ஈக்கி’தான்.

“இந்தக் காசுக்கு ரெண்டு வழி ஈக்கி. இது புதுசு, பெட்டியோட. ஒரு வருச வொரண்டி. பெட்டரி ரெண்டு நாள் நிக்கும். மத்தது பழசு. நாலு வருசத்துக்கு முந்தி வந்தது, வந்த நேரம் இதுட வெல நம்மட ரெண்டு பேர்ட சம்பளத்தச் சேத்தாலும் பத்தாது. கோடீஸ்வரன் கையில ஈந்த சாமான்.”

“எது நல்லது?”

“அது நீங்க என்னத்துக்கு எடுக்கிறீங்கங்கிறதுல ஈக்கி. பழசுட கொறைய முதல்ல செல்றேன். பெட்டரி தேஞ்சிட்டு, சாயங்காலத்துக்கு முந்தி ஒருக்கா சார்ஜ் போடணும். பின்பக்கக் கண்ணாடி வெடிச்சிரிக்கி. ஒருக்கா தொறந்த போன், மழையில நனைக்கப் படாது. கம்பெனிட அப்டேட் இன்னம் ஒண்டு ரெண்டு வருசம் வரும், பொறகு வராது. நான் மூணு மாசம்தான் பொறுப்பு.” ஸஹ்ரா சற்று நிறுத்தினாள். “அரசாங்கத்துல பதிஞ்ச போன், களவு சாமான் இல்ல. அது மட்டும் நான் சத்தியம் பண்ணுவேன்.”

“அப்ப யாரு இத வாங்குவாங்க?”

“போட்டோக்காரங்க. கலியாணம் பேசப் போற மாப்பிள்ளமார்.” அவள் சிரித்தாள். “இருந்தாலும் அக்கா, பழசுண்டாலும் கெமராவும் உள்ளுக்குள்ள ஈக்கிற மூளயும் இந்தப் புதுசுக்கு வராது. சும்மா படம் பாக்க, கோல் எடுக்கண்டா புதுசே போதும்.”

வடிவம்மா இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள், “தங்கச்சி, ஒரு ஒதவி செய்றீங்களா? ஒங்க போன எடுத்துக்கிட்டு ரோட்டுல போய் நில்லுங்க. இதுல இருந்து நான் வீடியோ கோல் எடுக்கிறேன்.”

“என்னத்துக்கு?”

“நான் எத்தன விரல் காட்டுறேன்னு சொல்லணும்.”

ஸஹ்ராவுக்கு இது புதுக் கிறுக்காகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் போனாள். வடிவம்மா புதுப் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டின் அடியில், சீமெந்துப் பை அடுக்கியிருந்த இருட்டு மூலைக்குள் நுழைந்தாள். அவள் வீட்டு அடுப்படி வெளிச்சம் அவ்வளவுதான் இருக்கும். கையைத் தூக்கி விரல்களை வேகவேகமாக மடக்கி விரித்தாள்.

“மூணு!” என்று போனில் குரல் வந்தது. “இல்ல... அஞ்சு... அக்கா, விரலெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கிட்டு ஈக்கி. கொஞ்சம் மெதுவா காட்டுங்க!”

“மெதுவா யாரும் பேச மாட்டாங்க, தங்கச்சி.”

பழைய போனை எடுத்தாள். அதே மூலை. அதே வேகம்.

“ரெண்டு. நாலு. ஒண்டு, கட்டை விரல். மூணு. இப்ப மூக்குத்தியத் தொடுறீங்க. இப்ப...” ஸஹ்ராவின் குரல் நின்றது. அவள் ஓடியே வந்துவிட்டாள். “அக்கா, யாருக்கு இது?”

“நாத்தனாருக்குக் காது கேக்காது. பேரத் தவிர எழுதத் தெரியாது. அவளோட வாய் இதுதான்.”

ஸஹ்ரா அந்தப் பழைய போனை எடுத்துத் துடைத்தாள். ஒரு பழைய உறையை எடுத்து, வெடித்த பின்கண்ணாடியை மூடிப் போட்டுக் கொடுத்தாள். அதற்கு அவள் ஒன்றும் வாங்கவில்லை.

சாயங்காலம் ஏழு மணி. பெக்டரி விட்டு, தனுஜா தங்கியிருந்த போடிங் அறைக்கு வந்து குளிக்கும் நேரம் கழிந்திருந்தது. வடிவம்மா அடுப்படிக் கதிரையில் போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்தாள். ஜெயராஜ் சுவரோரம் நின்றான். வீரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவடியில் நின்றாள். பார்க்க மாட்டேன் என்பதைக் காட்டுவதற்கென்றே வந்து நின்றாள்.

திரை திறந்தது. தனுஜா. ஈரத்தலை, தோளில் துவாய். அண்ணியின் முகத்தைக் கண்டதும் திரைக்குக் கிட்ட வந்தாள், விலகினாள், மறுபடி கிட்ட வந்தாள். இரண்டு கைகளையும் விரித்து, தெரிகிறது, தெரிகிறது என்று குதித்தாள். மூன்று மாதமாகப் பாதியில் நின்ற கதைகளெல்லாம் அவள் விரல்களில் இருந்து கொட்டின. அறையில் எலி வந்ததாம். சூப்பவைசருக்குத் தொப்பையாம். அவளை இப்போது கொலர் தைக்கும் வரிசையில் பிழை பார்க்கும் வேலைக்கு உயர்த்தியிருக்கிறார்களாம்.

வடிவம்மா சிரித்தாள், அழுதாள். பிறகு கழுத்தில் மூன்று தரம் விரலை முறுக்கினாள். கடைக்காரர் என்று காட்டினாள். வெள்ளிக்கிழமை என்று காட்டினாள். உனக்குச் சம்மதமா?

தனுஜாவின் கைகள் இறங்கின.

பதில் சொல்லத் தொடங்கியவள் திடீரென்று நிறுத்தினாள். அவள் பார்வை அண்ணியைத் தாண்டிப் போனது. வீட்டில் முன்பு இருந்த போனில் வடிவம்மாவுக்குப் பின்னால் எப்போதும் கறுப்புத்தான் தெரியும். இன்று கதவடி தெரிந்தது. கதவடியில் நின்றவளும் தெரிந்தாள்.

தனுஜா காதை இழுத்தாள். அம்மா.

பிறகு, தோளைத் தளர்த்திக் கூனினாள். துவாயின் ஓரத்தை மடித்து, மடித்த முனையால் ஒவ்வொரு கண்ணாக ஒற்றினாள். வீரம்மா அழுவது அப்படித்தான். வடிவம்மா பதறிப்போய்க் கையை வீசினாள், வேண்டாம், வேண்டாம். தனுஜா நிற்கவில்லை. தன் நெஞ்சைத் தொட்டாள். தலையில் பெரும் சுமை ஒன்றை வைப்பது போல் இரண்டு கையையும் வைத்தாள். மேலே பார்த்துக் கும்பிட்டாள். அப்புறம் அந்தச் சுமையை எடுத்து, மேலே இருப்பவரிடம் நீட்டினாள். எடுத்துக்கொள்.

அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

“பைப்படி...” என்றாள் வீரம்மா. சுவரைப் பிடித்துக்கொண்டாள். “தண்ணி எடுக்கிற பைப்படியில... பக்கத்து வீட்டுக்காரிக்கிட்டச் சொன்னேன். எங் கண்ண மூடுறதுக்கு முன்னால இவள எடுத்துக்கோ சாமின்னு... இவ பக்கத்துலதான் துணி அலசிக்கிட்டு இருந்தா. காது கேக்காதேன்னு... நான்...”

காது கேட்காதவளுக்குக் கண் தெரியும் என்பது பெற்றவளுக்கு முப்பத்தொரு வருடமாக உறைக்கவில்லை.

“ஒனக்குத் தெரியுமாடி இது?”

“தெரியும், மாமி.”

“இதுக்காகவா எம்புள்ள போனா?”

“இதுக்காகத்தான். நான் போறேன், அம்மாவுக்குச் சொம இருக்காதுன்னா. அம்மாகிட்டச் சொல்லாத, தாங்காதுன்னா.”

“ரெண்டு வருசம்... ரெண்டு வருசமா ஒன்ன நான் என்னென்ன சொன்னேன்! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னீங்கதான்,” என்றாள் வடிவம்மா. பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. “தெனமும் சொன்னீங்க மாமி. நான் வாக்குக் குடுத்திருந்தேன்.”

வீரம்மா வந்து மருமகளின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை நெற்றியில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். “நீ பெரிய மனுசிடி... நான் பெத்தவ, எனக்கு எம்மவளோட பேசத் தெரியல. நீ எங்கேயோ பொறந்து வந்து...”

வடிவம்மாவின் மற்றக் கை அந்த நரைத்த தலையில் போய் நின்றது. ஜெயராஜ் இப்போதும் ஒரு பக்கமும் பேசவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினான்.

திரையில் தனுஜா காத்திருந்தாள். பிறகு கழுத்தில் விரலை முறுக்கி, அதைச் சுண்டி எறிந்தாள். எனக்கு வேண்டாம். தன் இரண்டு கால்களையும் தட்டிக் காட்டினாள். நான் நடக்கிறேன். என்னை யாரும் தூக்க வேண்டாம்.

“என்ன சொல்றா?”

வடிவம்மா சொன்னாள். ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னாள்.

வீரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினாள். “செல்லப்பாவுக்குப் போன் பண்ணு. வர வேணாம்னு சொல்லு.”

“அம்மா, பேசி முடிச்ச காரியம்... ஆளு என்ன நெனைப்பாரு?”

“முடிச்சது நான். இப்பச் சொல்றதும் நான். பண்ணுடா!”

அவன் முற்றத்துக்குப் போனான். வீரம்மா இன்னொரு கதிரையை இழுத்துப் போனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மகளின் முகம் அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு தெளிவாக இருந்தது. இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு புதிதாக இருந்தது. எப்போது வந்தது என்று தாய்க்குத் தெரியாது.

“வடிவு,” என்றாள் மெதுவாக. “மன்னிச்சிருன்னு கையால எப்படிச் சொல்றது?”

வடிவம்மா யோசித்தாள். சோற்றுக்குக் கை இருந்தது, மழைக்கு இருந்தது, தலைவலிக்கு, கோபத்துக்கு, பஸ்ஸுக்கு இருந்தது. இருபத்து நாலு வருடத்தில் இதற்கு ஒன்று செய்ய வேண்டி வந்ததே இல்லை. அந்த வீட்டில் யாரும் அதை யாரிடமும் சொன்னதில்லை.

“அதுக்கு நம்மகிட்டக் கை இல்ல, மாமி. நீங்கதான் ஒண்ணு செய்யணும்.”

வீரம்மா கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தாள். நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். பிறகு கையை நீட்டி, திரையில் மகளின் கன்னத்தை மேலிருந்து கீழாகத் தடவினாள். தடவிய விரல் அடியில் இருந்த சிவப்பு வட்டத்தில் பட்டது. தனுஜா மறைந்து போனாள்.

“ஐயோ! போயிட்டாளா? கோவிச்சுக்கிட்டாளாடி?”

“இல்ல மாமி, நீங்கதான் வெச்சிட்டீங்க.”

வடிவம்மா திரும்ப அழைக்கக் கை நீட்டும்போதே போன் மணியடித்தது. தனுஜாவின் படம் திரையில் துடித்தது. வடிவம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

“நீங்களே எடுங்க,” என்றாள். “பச்சைய அமுக்குங்க, மாமி. பச்சைய.”