எல்மாவின் ஒன்பதாம் மனை

பிப்ரவரி முதல் திங்கள்கிழமை, காலை எட்டு மணி அடித்ததும் ஹால்வர் ஏரி முகாமுக்கு ஃபோன் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே நாங்கள் உள்ளேயே தங்கிப் பயணம் போகும் கேம்பர் வண்டி கூரைவரை பனியில் புதைந்து கிடந்தது. ஜூன் மாதப் பயணத்துக்கு முகாமில் வண்டி நிறுத்த மனை பிடிப்பது அந்த ஒரு நாளில்தான்.

"எந்த மனை வேணும் வெர்னா?" என்றான் முகாம்காரன் வெண்டல்.

"ஒன்பது."

மறுமுனையில் பென்சிலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எல்மா கிவெலா போயி நாலு மாசம்கூட ஆகல" என்றான்.

"தெரியும். அடக்கத்துக்கு உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் செஞ்சு தூக்கிட்டு வந்தவ நான்தானே. ரெண்டு தடவ போட்டுத் தின்னியே, மறந்துட்டியா?"

"ஒரு கோடை சும்மா விடணும் வெர்னா. அதான வழக்கம்?"

வழக்கம் அதுதான். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பமும் வருடா வருடம் அதே வாரம், அதே மனையில்தான் வண்டியை நிறுத்தும். மனைக்காரர் செத்துப்போனால் அடுத்த ஒரு கோடை அங்கே யாரும் தங்கக் கூடாது. இதை யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை.

"என் தங்கச்சிக்கு அடுத்த கோடை கிடையாது வெண்டல்" என்றேன். "எழுதிக்கோ."

அவன் எழுதிக்கொண்டான்.

தங்கை டெல்லாவுக்குக் கால்கள் ஓய்ந்து ஏழு மாதம் ஆகிறது. இலையுதிர் காலத்தைத் தாண்டினால் பெரிய விஷயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஹால்வர் ஏரித் தண்ணீரில் ஒரு தடவை கால் வைக்க வேண்டும். மற்ற மனைகளில் எல்லாம் பாறையும் பைன் வேரும். சக்கர நாற்காலி தண்ணீர்வரை உருண்டு போக மணல் இருப்பது ஒன்பதில் மட்டும்தான்.

அந்த மணலை எல்மா நாற்பத்தோரு கோடை, சீப்பால் தலை வாருவதுபோல் வாரியிருக்கிறாள். வாரிய மணல்மேல் யார் மிதித்தாலும் அவளுக்கு ஆகாது. சாயங்காலமானால் ஏரிக்கரையிலிருந்து இரும்புப் பல் வைத்த வாருகோலை இழுத்துக்கொண்டே பின்னோக்கி நடந்து தன் வண்டி வாசலுக்கு வருவாள். அவளுடைய காலடியும் அதிலேயே அழிந்துபோகும். வாருகோலில் நடுப்பல் ஒன்று உடைந்திருந்ததால் மணலில் கோடு கோடாக விழுந்து, நடுவில் மட்டும் ஓர் இடைவெளி இருக்கும். என்னையும் ஒருமுறை விரட்டியிருக்கிறாள். மகா சிடுமூஞ்சி. செத்துப்போனாள் என்பதற்காக அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மார்ச் முழுக்கச் சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்துப் போட்டுத் திட்டம் போட்டோம். டெல்லா சொல்லச் சொல்ல நான் பட்டியல் எழுதினேன். எரிவாயு, வண்டியைச் சமமாக நிறுத்தக் கட்டைகள், நாற்காலி இறங்கப் பலகை.

"கொசு மருந்து ரெண்டு போடு" என்றாள் டெல்லா. "என்னைத் தூக்கிட்டுப் போகணும்னா ரெண்டு கொசு போதும் இப்ப."

"வாயை மூடு. உன்னைத் தூக்க நாலாவது வேணும்."

ஏப்ரலில் ஒரு காலை புதுப்பனி விழுந்திருந்தது. காப்பிக் கோப்பையோடு கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

கேம்பரைச் சுற்றிப் பனி வாரப்பட்டிருந்தது.

கோடு கோடாக, ஒழுங்காக. வண்டியைச் சுற்றி வந்து, முற்றத்தைக் கடந்து, என் வாசல்படிவரை வந்திருந்தது. காலடி ஒன்றுகூட இல்லை.

டெல்லா நாற்காலியை உருட்டிக்கொண்டு பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். "யார் வேலைடி இது?"

"காத்து."

"காத்துக்கு நடுப்பல்லு இல்லையா?"

துடைப்பத்தை எடுத்து ஒரு கோடு விடாமல் கலைத்தேன். பிறகு உள்ளே வந்து பட்டியலில் விட்ட இடத்திலிருந்து எழுதினேன்.

மே மாதம் வெண்டல் ஃபோன் செய்தான். "மனை வேண்டாம்னு சொல்லிட்டியே, நிஜமாவா?"

"யார் சொன்னது?"

"காலைல ஃபோன் வந்துச்சு. வயசான பொம்பளை குரல். நீதான்னு நினைச்சேன்." அவன் குரல் இறங்கியது. "பின்னால கரகரன்னு ஏதோ சத்தம் வெர்னா. மண்ணைச் சுரண்டுற மாதிரி."

"மறுபடி எழுதிக்கோ" என்றேன். "இந்தத் தடவ பேனாவால எழுது."

அன்று மத்தியானம், பனிக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த கேம்பரைத் திறந்தேன். உள்ளே தார் சோப்பு வாசனை. எல்மா குளியலுக்குப் போட்டுக்கொள்ளும் சோப்பு அது. நான் ஜன்னல்களைத் திறந்தேன். வாசனை போகவில்லை.

தரை விரிப்பைப் பார்த்தேன். அதன் நூல்கள் கோடு கோடாகச் சீவப்பட்டிருந்தன.

தலைக்கு மேலே, கூரையில், கர்ர்ர்.

நின்றது.

மறுபடி, இன்னும் கிட்டத்தில், கர்ர்ர்.

எனக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. அறுபத்தெட்டு வயதில் எங்கே ஓடுவது? அதோடு எனக்குக் கோபமும் வந்தது. கரண்டியை எடுத்துக் கூரையை ஓங்கித் தட்டினேன்.

"நாப்பத்தோரு கோடை நீ இருந்தே எல்மா!" என்று கத்தினேன். "நான் கேக்கறது ஒரு வாரம். நல்ல மனசோட குடு, இல்லைன்னா சண்டை போட்டுக் குடு. நாங்க வரத்தான் போறோம்."

மேலே சத்தம் அடங்கியது. விரிப்பை உதறி வெயிலில் போட்டேன்.

ஜூன் பதினைந்தாம் தேதி, மதியம் இரண்டு மணிக்கு ஹால்வர் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பைன் மரங்களுக்கு இடையே நல்ல வெயில். பக்கத்து மனைக்காரர்கள் எங்கள் வண்டி ஒன்பதில் திரும்புவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர்கூடக் கை அசைக்கவில்லை.

மணல் புதிதாக வாரப்பட்டிருந்தது.

"வெண்டல் நல்லாத்தான் வாரி வச்சிருக்கான்" என்றாள் டெல்லா. சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை.

வண்டியைக் கோடுகள்மேலேயே ஏற்றி நிறுத்தினேன். பலகையைப் போட்டு டெல்லாவை இறக்கி, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பாதி தூரத்தில் முதுகுக்குப் பின்னால் கர்ர்ர் என்றது. திரும்பிப் பார்த்தேன். என் காலடிகளும் சக்கரத் தடங்களும் மறைந்து, அங்கே வாரிய கோடுகள் மட்டும் இருந்தன.

அவை எங்களை நெருங்கிக்கொண்டிருந்தன.

"தள்ளு" என்றாள் டெல்லா, பல்லைக் கடித்துக்கொண்டு. "நிக்காதடி. தள்ளு."

தள்ளினேன். உயிரைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். சக்கரம் தண்ணீரைத் தொட்டது. அவள் செருப்பைக் கழற்றி, கால்களை எடுத்து ஏரியில் வைத்தேன். ஜூன் மாதத்திலும் எலும்பைத் துளைக்கும் குளிர். டெல்லா கண்ணை மூடிக்கொண்டு, "ஆங்... ஆங்..." என்றாள். அந்த முகத்துக்காக நான் எத்தனை வழக்கத்தை வேண்டுமானாலும் மீறுவேன்.

துண்டு எடுக்க வண்டிக்குப் போனேன். முப்பது அடி இருக்கும். எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

நாற்காலி காலியாக இருந்தது.

டெல்லா முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள்! இடது கை பக்கவாட்டில் கொஞ்சம் தூக்கியிருந்தது. விரல்கள் எதையோ பற்றி மடங்கியிருந்தன.

"விட்டுடாத வெர்னா" என்றாள், திரும்பாமலே. "உன் கை ஏன்டி இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். ஆழத்தை நோக்கி.

துண்டைப் போட்டுவிட்டு, செருப்போடு தண்ணீருக்குள் பாய்ந்தேன். அவளுடைய வலது கையை எட்டிப் பிடித்தேன். அது வெதுவெதுப்பாக இருந்தது. டெல்லா என்னைப் பார்த்தாள். பிறகு மெல்ல இடதுபக்கம் பார்த்தாள். அங்கே வெயிலும் தண்ணீரும் மட்டும்தான்.

"எல்மா" என்றேன். மூச்சு வாங்கியது. "நிக்க வச்சியே, அதுக்கு நன்றி. ஆனா ராத்திரிச் சாப்பாட்டுக்கு இவ என்கூடத்தான் வருவா."

டெல்லாவின் தோள் இடதுபுறமாக மெதுவாகச் சாய்ந்தது. நான் காலை மணலில் ஊன்றி இழுத்துப் பிடித்தேன். நடுவில் என் தங்கை ஆடாமல் நின்றாள், பதினோரு மாதத்துக்குப் பிறகு சொந்தக் காலில். திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வலிக்குதுங்கடி" என்றாள். "ஒருத்தியாவது கொஞ்சம் தளர்த்திப் பிடிங்களேன்."

நான் தளர்த்தவில்லை. அந்தப் பக்கமும் தளர்ந்ததாகத் தெரியவில்லை.